உழைப்பும் ஓட்டும் – 9: சங்கம் பெற்ற கட்சி, கட்சி பெற்ற சங்கம்

பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்து விசைத்தறிப் பட்டறைகளில் தறி ஓட்ட வருபவருக்கும் முதலாளிக்கும் இடையே முதலில் பேசப்படுவது கூலி அல்ல, அட்வான்ஸ். கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன் என்று ஏதோ ஒன்றுக்காக மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டுதான் வேலையில் சேர்கிறார்கள். ஓட்டிய துணிக்குக் கூலி வாராவாரம் வந்துவிடும்; அட்வான்ஸ் மட்டும் குறையாமல் நிற்கும். பட்டறை மாற வேண்டுமானால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது புது முதலாளி அதை அடைத்து ஆளை அழைத்துப் போக வேண்டும். ஆள் போகும் இடமெல்லாம் கடனும் போகிறது. முன்பணத்தைக் காட்டி உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2025இல், பள்ளிபாளையத்தில் கடனை அடைக்கத் தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்றதாகச் செய்தி வெளியாகி, அரசு விசாரணைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அதே தறித் தொழிலாளியின் வீட்டில் ரேஷன் அரிசி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை காலையிலும் மதியமும் அங்கேயே சாப்பிடுகிறது. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வரலாம். நலவாரிய அட்டையும் இருக்கலாம். ஐரோப்பியத் தொழிலாளர் கட்சிகள் தங்கள் மரபு என்று எதையெல்லாம் சொல்லிக்கொள்கின்றனவோ, அதில் பாதி இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் வீடு தேடி வந்திருக்கிறது. வராத மறுபாதி, உழைப்பவர் தன் கூலியைத் தானே கூடிப் பேசி முடிவு செய்யும் வலு. பாதி வந்து பாதி வராததை வெறும் நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்க முடியாது. அங்கே சங்கம் கட்சியைப் பெற்றது. இங்கே கட்சி சங்கத்தைப் பெற்றது. வேறுபாடு இதிலிருந்து தொடங்குகிறது.

பிரிட்டனில் 1900இல் தொழிற்சங்கங்களும் சில சமதர்மக் குழுக்களும் கூடி ஒரு பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. அதன் முன்னோடியான கீர் ஹார்டி பத்து வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். ஆனாலும் தொடக்கத்தில் பல சங்கங்கள் ஒதுங்கியே நின்றன. அவற்றை உள்ளே தள்ளியது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. வேல்ஸில் டாஃப் வேல் ரயில் நிறுவனம், வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று வழக்குப் போட்டு 1901இல் வென்றது. சங்கத்தின் கையிருப்பிலிருந்து 23,000 பவுண்டு போனது. நாடாளுமன்றத்தில் நம் ஆள் இல்லாவிட்டால் சங்கப் பெட்டிக்கே பாதுகாப்பில்லை என்பது அப்போது உறைத்தது. 1906 தேர்தலில் 29 பேர் வென்றார்கள், தொழிலாளர் கட்சி என்ற பெயர் வந்தது, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

ஏறக்குறைய இதே அடி சென்னையிலும் விழுந்தது. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீதும் அதன் தலைவர் பி.பி. வாடியா மீதும் பின்னி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்து, 7,000 பவுண்டு நட்டஈடும் விதித்தது. வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்று சமரசம் ஆனது. அடி ஒன்றுதான், விளைவு வேறு. இங்கே கட்சி பிறக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் எழுப்பிய சங்கப் பாதுகாப்புக் கோரிக்கை நகர்ந்து நகர்ந்து 1926இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. கட்சி பிறக்காததற்குக் காரணம் எளிது: பின்னி ஆலைத் தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. 1919 சீர்திருத்தம் சொத்தும் வரியும் பார்த்து வாக்குரிமை தந்தது. எல்லோருக்கும் ஓட்டு என்பது 1952 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் கட்சிகள் வளர்ந்து, தத்தமக்கென்று சங்கங்களை வைத்துக்கொண்டிருந்தன. காங்கிரஸ் சார்பில் ஐ.என்.டி.யு.சி. 1947இல் வந்தது, சோஷலிஸ்டுகள் பங்கெடுத்த எச்.எம்.எஸ். 1948இல் வந்தது. பிறகு கழகங்களும் அவ்வழியே போயின. இன்றும் ஒரே வாயிற்கதவின் முன்னால் நாலைந்து நிறத்தில் கொடிக்கம்பம் நட்டிருப்பதற்கு இதுதான் வரலாறு.

சேலம் மாவட்டத்தின் அரசியல் இதற்கு நல்ல சான்று. 1952இல் சென்னை மாநிலச் சட்டசபைக்கு 19 பேரை அனுப்பிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்குத் தென்னார்க்காட்டோடு சேலத்திலும் செல்வாக்கு இருந்தது. பெயரைப் பார்த்தால் தொழிலாளர் கட்சி. அது நின்ற அடித்தளம் வன்னியர் சங்கம். அதன் உறுப்பினர்கள் உண்மையாகவே உழைப்பாளிகள்தாம், ஆனால் அவர்களை ஒன்றுசேர்த்தது கூலிக் கோரிக்கை அல்ல. தலைவர் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியார் 1954இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். இன்னொரு பக்கம் சமதர்மம் மேலிருந்தும் வந்தது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம் இங்கிலாந்தில் படித்துக் கம்யூனிஸ்டாகத் திரும்பினார். பின்னர் காங்கிரசில் சேர்ந்து மத்திய எஃகு, சுரங்க அமைச்சராகி நிலக்கரியை நாட்டுடைமையாக்கினார். அவருடைய சகோதரி பார்வதி கிருஷ்ணன் தொழிற்சங்கத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவர்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. சுரங்கத்துக்குள்ளிருந்து தலைவர் வருவதற்கும் ஜமீன் வீட்டிலிருந்து வருவதற்கும் உள்ள தூரம் மட்டும் கணக்கில் வரவேண்டும். இடதுசாரிகளுக்கோ சேலம் வேறொரு நினைவு. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். ஓட்டுப்பெட்டி வழியே நம்பிக்கையோடு நடந்துபோகும் மிதவாதத் தொழிலாளர் அரசியல் அந்த ஆண்டுகளில் எளிதாக முளைத்திருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். தொழிலாளர் கட்சி இல்லாமலேயே தமிழ்நாடு பல மாநிலங்களை முந்தவில்லையா, நீதிக்கட்சியும் கழகங்களும் காமராஜரும் செய்தது போதாதா என்பார்கள். வலுவான மறுப்புதான். மதிய உணவுக்கு நிகராக எந்தத் தொழிற்சங்கமும் ஒரு திட்டத்தைத் தந்ததில்லை. ஆனால் அரசு தரும் உதவி எதன் மீது ஏறி வருகிறது என்று பார்க்க வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2023இல் உயர்த்தினார்கள். அது மின் இணைப்பு வைத்திருப்பவருக்குப் போகிறது, அந்தத் தறியை ஓட்டுபவருக்குப் போவதில்லை. இலவச வேட்டி சேலைத் திட்டம் பட்டறைக்கு ஆர்டர் தருகிறது. அந்த ஆர்டரில் தறி ஓட்டியின் பங்கு எவ்வளவு என்பதைத் திட்டம் தீர்மானிப்பதில்லை. நலவாரியம் படிப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் உதவித்தொகை தரும்; அட்வான்ஸைத் தொடாது. கூலியைப் பேசும் இடத்தில் அரசின் திட்டம் எதுவும் இல்லை. அங்கே சங்கம் இருக்கிறது, ஆனால் தீபாவளி போனஸுக்கும் கூலி உயர்வுக்கும் தறியை நிறுத்தி, அதிகாரிகள் முன்னிலையில் ஒரு சதவீதம் பேசி முடிப்பதோடு அதன் வேலை நின்றுவிடுகிறது. அட்வான்ஸ் வாங்கிய ஆள் நெடுநாள் வேலைநிறுத்தத்தைத் தாங்க மாட்டார் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. இந்தச் சமவெளியில் தொழிலாளி, முதலாளி என்று கோடு கிழிக்க முடியாது. நான்கு தறி வைத்திருப்பவர் ஒரு தறியைத் தானே ஓட்டுகிறார், மனைவி தார் சுற்றுகிறார். லாரி ஓட்டுநர் அடுத்த ஆண்டு தானே ஒரு லாரி வாங்க நினைக்கிறார். இவர்களிடம் போய் வர்க்கம் பேசி என்ன பயன்? பயன் உண்டு என்பதற்குச் சான்று கோவை, திருப்பூர் மாவட்டங்களிலேயே இருக்கிறது. அங்கே சோமனூர், பல்லடம் பகுதியில் கூலிக்கு நெய்யும் விசைத்தறி உரிமையாளர்கள், பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கு எதிராகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். 2025இல் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். பேசி முடித்த ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்களது கோரிக்கையில் ஒன்று. அதாவது பட்டறைச் சொந்தக்காரரும் கூலிக்காரர்தான். அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். 1844இல் ராச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேரில் பலர் நெசவாளர்கள். அதே ஆண்டில் சிலேசியாவில் நெசவாளர்கள் துணி வணிகர்களின் வீடுகளை உடைத்தார்கள். தொழில் ஒன்றாக இருந்தும் இரண்டு பாதைகள். தமிழ்நாட்டுக் கைத்தறியில் முதல் பாதை 1935இல் கோ-ஆப்டெக்ஸ் வரை வந்தது. விசைத்தறியை ஓட்டுபவருக்கு அது வந்து சேரவேயில்லை.

சோமனூர்க்காரர்கள் கேட்கும் சட்டப் பாதுகாப்பு கிடைக்கத்தான் வேண்டும், பள்ளிபாளையத்துக்கும் சேர்த்து. நூல் கொடுப்பவர் பட்டறைக்குத் தரும் கூலி எவ்வளவு என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதும்போது, அதில் தறி ஓட்டுபவருக்கு எவ்வளவு என்ற வரியும், அட்வான்ஸுக்கு உச்சவரம்பும் கூடவே எழுதப்பட வேண்டும். அந்த வரியை எழுதச் சொல்ல, தறி ஓட்டுபவரின் பிரதிநிதி அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது அங்கே அவருக்கு நாற்காலி போடப்படுவதில்லை.

(தொடரும்)