முப்பாட்டன் குடியிருந்த இடம் எது? வழிகாட்டும் பழைய நிலப் பதிவேடுகள்

‘எங்க முப்பாட்டன்தான் இங்க முதல்ல காடு வெட்டி ஊர் உண்டாக்கினாராம். அவர் குடியிருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?’ மண் மாதிரி எடுக்கப் போகும் ஊர்களில் யாராவது ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்பார். முடியும் என்பதே என் பதில். எங்கள் குடும்பத்துக்கே நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்களுடையது கரிசல் கிராமம். ‘பழைய ஊர் ஓடைக்குத் தென்கரையில இருந்தது, கொள்ளைநோய் வந்து வடகரைக்கு மாறிட்டோம்’ என்று பாட்டி சொல்வார். இடம் யாருக்கும் தெரியாது. எண்பதைத் தாண்டிய சித்தப்பாவுக்குக் கண்ணை மூடுவதற்குள் அந்த மண்ணை மிதித்துவிட வேண்டும் என்று ஆசை. சித்தப்பாவும் நானும் தேட ஆரம்பித்தோம்.

இன்றிலிருந்து பின்னோக்கி

முதலில் கையில் எடுக்க வேண்டியது இன்றைய பட்டா. அதிலுள்ள புல எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது நாம் யு.டி.ஆர். என்று சொல்வதில், பல நிலங்களுக்கு எண்ணும் உட்பிரிவும் மாறின. அதனால் பழைய புல எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் அடுத்த கதவுக்குச் சாவி.

அடுத்தது, வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மெண்ட், மறு செட்டில்மெண்ட் பதிவேடுகள். ரயத்துவாரி கிராமங்களுக்கு இவை உண்டு. ஜமீன், இனாம் ஊராக இருந்தால், 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எழுதிய நிலப் பதிவேட்டைக் கேளுங்கள். தாலுகா அலுவலகம், ஆட்சியர் அலுவலகப் பதிவறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் நகல் மனு போட்டுத் தேடலாம்.

படிக்கும்போது இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். பழைய கணக்கில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1321 என்றால் 1911 ஜூலை முதல் 1912 ஜூன் வரை. அடுத்தது பரப்பு. அன்று ஏக்கர், சென்ட். இன்று ஹெக்டேர், ஏர். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். மாற்றிப் பார்த்துப் பரப்பு ஒத்துவந்தால், சரியான நிலத்தில்தான் நிற்கிறீர்கள்.

நத்தம் காட்டிக்கொடுத்தது

பட்டா நிலத்தின் பதிவேடு சாகுபடி நிலத்தைக் காட்டும். வீடு இருந்த இடத்தைக் காட்டாது. அதற்குக் கிராம வரைபடத்தில் ‘நத்தம்’ என்று போட்டிருக்கும் எண்ணைத் தேட வேண்டும். இன்று வீடே இல்லாத இடத்தில் நத்தம் என்று இருந்தால், அங்கே முன்பு குடியிருப்பு இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் ஊர்ப் பழைய வரைபடத்தில் இரண்டு நத்தம் இருந்தன. ஒன்று இன்றைய ஊர். மற்றொன்று ஓடைக்குத் தென்கரையில். போய்ப் பார்த்தால் ஒரே சீமைக்கருவேலங் காடு. உள்ளே நுழைந்ததும் காலில் பானை ஓடு இடறியது. பாதி புதைந்த கல் உரல் ஒன்றும் கிடந்தது. சுற்றிலும் கறுப்பு மண், அந்த மேட்டில் மட்டும் சாம்பல் நிறம். மண் மாதிரி எடுத்துப் பரிசோதித்தேன். சுற்றுப் புஞ்சையைவிட மணிச்சத்து மிக அதிகம். அடுப்புச் சாம்பல், சாணம், எலும்பு, குப்பை என்று மனிதர் வாழ்ந்த மண்ணில் பல தலைமுறைக்கு மணிச்சத்து தங்கும். நத்தமேட்டு மண்ணை அள்ளி வயலுக்கு எருவாகப் போட்ட நம் முன்னோர் விவரமானவர்கள்தான்.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த உரல் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பத்திரம் சொன்ன சேதி

அதோடு நிறுத்தியிருக்கலாம். நத்தத்தை ஒட்டிய புஞ்சையில் ஒரு கிணறு இருக்கிறது. ‘முப்பாட்டன் வெட்டின கிணறு’ என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. பழைய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் வேறு குடும்பத்துக்காரருடையது. எங்கள் முப்பாட்டன் பெயர் இரண்டாவது. அந்தக் குடும்பத்தார் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லை. எங்கள் நிலத்துக்கே களையெடுக்க வருகிறார்கள்.

வில்லங்கம் போட்டுத் தேடி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரத்துக்கு நகல் வாங்கினோம். கடனுக்காக அவர்கள் தங்கள் பாதியை எங்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் கிணற்றில் குடிதண்ணீர் எடுக்கும் பாத்தியமும் அதற்கான நடைபாதையும் நீங்கலாக என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பாதையை மறித்துத்தான் சில வருடங்களுக்கு முன் நாங்கள் கம்பிவேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டும் போட்டிருந்தோம்.

பத்திரத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் சித்தப்பா. மறுநாள் காலையில் அவரே போய்ப் பூட்டைத் திறந்து, சாவியை அந்த வீட்டுப் பெரியவரிடம் கொடுத்தார். ‘எங்களுக்குத் தெரியாமப் போச்சுண்ணே’ என்றார். ‘எங்க அய்யா சொல்வாரு, நாங்கதான் பேசல தம்பி’ என்றார் பெரியவர்.

தேடப் போகிறவர்களுக்கு

பெயரை மட்டும் பார்க்காதீர்கள். குறிப்புக் கலத்தில் கிணறு, பாதை, மரம் எழுதியிருக்கும். பத்திரத்தில் நான்கெல்லையைப் படித்தால் அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியும். பதிவேடு, தீர்வை கட்டியவர் பெயரைச் சொல்லும். கூடவே நின்று கல் பொறுக்கியவர், முள் வெட்டியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதை ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருப்பதாலேயே இன்று அந்த நிலம் உங்களுடையது ஆகிவிடாது. இடையில் கிரயம், பாகப்பிரிவினை, நில எடுப்பு எதுவும் நடந்திருக்கலாம். உரிமை கோருவதென்றால் முழு ஆவணத்தோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தேடும்போது எந்தக் கலத்துக்கு என்ன அர்த்தம் என்று குழப்பம் வந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.