நூறு சதவீத டிவிடெண்டா? வாங்கிய விலையைப் பாருங்கள்!

திருவேற்காட்டில் கடை வைத்திருக்கும் நமக்குக் கல்லாவில் உட்காரும் வரைதான் வருமானம். முதுமைக்கு டிவிடெண்ட் தரும் பங்குகள் உதவும். ஆனால் அறிவிக்கும் சதவீதம் முகமதிப்பின் மீதான கணக்கு. நாம் கொடுத்த விலையின் மீது அல்ல.

1921இல் தூத்துக்குடி வணிகர்கள் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி, 2022இல் ரூ.510க்குப் பங்கு வெளியிட்டது. 2023-24க்கு நூறு சதவீதம் டிவிடெண்ட், அதாவது ரூ.10 முகமதிப்புக்கு ரூ.10. வாங்கியவருக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூடத் தேறவில்லை. 2010இல் ரூ.245க்கு கோல் இந்தியா பங்கு வாங்கியவருக்கு அதே ஆண்டுக்கு ரூ.25.50 கிடைத்தது, நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஆனால் அதே பங்கு 2020இல் ரூ.150க்கும் கீழே இறங்கியிருந்தது.

ஆகவே சரக்குக்கான முதலைத் தொடாமல், உபரிப் பணத்தை மட்டும் பல கம்பெனிகளில் பிரித்துப் போடுவோம். டிவிடெண்டுக்கு வருமான வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்ப்போம்.