பள்ளியில் காலை உணவு: பலனை அளப்பது எப்படி?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்த குழந்தையைப் பெற்றோர் பதறித் தூக்கிவருவது எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்குப் புதிதன்று. வலிப்பா, இதயக் கோளாறா என்ற அச்சம் அவர்கள் முகத்தில் தெரியும். அவை இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின் நாங்கள் கேட்பது, "காலையில் என்ன சாப்பிட்டாள்?" என்பதுதான். நடவுக் காலத்தில் விடை பெரும்பாலும் ஒன்றே. தாய் விடியுமுன் வயலுக்குச் சென்றிருப்பார். குழந்தை ஒரு குவளைத் தேநீரோடு பள்ளிக்கு வந்திருக்கும்.

இந்த வெறும் வயிற்றுக்காக வந்ததே முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய அது, 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

உணவிடுவது நற்செயல்தானே, அதை அளக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டும் என்பதே எங்கள் கருத்து. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வந்தார்களா என்று சொல்லிவிடலாம். இரத்தசோகை குறைந்ததா என்று சொல்ல இயலாது. உப்புமாவும் பொங்கலும் பசியை ஆற்றும். இரும்புச்சத்துக் குறைவை அவை மட்டும் தீர்க்கா. அதற்கு வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை உண்டு. ஆனால் வழங்கிய மாத்திரைகள்தாம் கணக்கில் ஏறும், விழுங்கியவை ஏறா. குடற்புழு நீக்க மாத்திரையின் கதையும் இப்படியே. அல்பெண்டசோல் கொக்கிப்புழுவை அழிக்கும். கழிப்பறையில் தண்ணீரில்லாமல் பிள்ளைகள் வாய்க்கால் கரைக்குச் செருப்பின்றிப் போனால், ஈர மண்ணிலிருந்து பாதத்தின் வழியே புழு மீண்டும் உடலுக்குள் நுழையும். ஆகவே உணவு, மருந்து, கழிப்பறை, மண் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளித் தோட்டமும் அப்படித்தான்: நட்ட கன்றுகள் எத்தனை என்பதைவிடக் கோடை விடுமுறைக்குப்பின் உயிரோடிருப்பவை எத்தனை என்பதே கேள்வி.

முழுப் பள்ளியையும் நலம் பேணும் இடமாக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1990களிலிருந்து வலியுறுத்துகிறது. இத்தகைய 67 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை 2014-இல் வெளிவந்தது. உடலுழைப்பு, காய்கனி உண்ணுதல், புகையிலையைத் தவிர்த்தல் போன்றவற்றில் பலன் கிடைத்தது. ஆனால் அது சிறிய பலனே. மதுப்பழக்கம், மனநலம் ஆகியவற்றில் தெளிவான சான்று கிட்டவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை வசதி மிக்க நாடுகளில் நடந்தவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூனில் குழந்தையின் எடையைப் பார்த்து, அறுவடைப் பணம் வீட்டுக்கு வந்தபின் மீண்டும் பார்த்தால் எடை கூடியிருக்கும். அது திட்டத்தின் பலனா, அறுவடையின் பலனா, வளரும் வயதின் இயல்பா? திட்டம் இன்னும் எட்டாத, அதே போன்ற பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு தெரியும். காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றுவிட்டதால் அந்த வாய்ப்பு பெரிதும் கடந்துவிட்டது. அது மகிழ்ச்சியே. புதிதாகத் தொடங்கும் திட்டங்களிலாவது முதல் நாளிலேயே அளவெடுத்து வைக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாத்திரையைப் பிள்ளைகள் ஆசிரியர் முன்னிலையில் விழுங்குகிறார்களா என்று அங்கே நீங்கள் தயங்காமல் கேட்கலாம். 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த அட்டை வீட்டில் இருந்தால், எங்களிடம் வரும்போது அதையும் எடுத்துவாருங்கள்.