அக்குளில் கட்டும் நெறி

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு விரல் கிழிவது அன்றாடம். சிப்பி ஓடு கீறும், கெளுத்தி முள் ஏறும். இரண்டு மூன்று நாளில் விரல் வீங்கி, அக்குளில் கட்டி தட்டுப்படும். நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். அதுவே நோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில், உடம்பு கிருமியை அடையாளம் கண்டு வேலையில் இறங்கியிருக்கிறது.

நெறிக்குள் நடப்பது

காயத்துக்கு முதலில் ஓடிவரும் வெள்ளணுக்கள் எந்த பாக்டீரியா என்று பிரித்துப் பார்ப்பதில்லை, கிடைத்ததை விழுங்கும். சீழில் பெரும்பகுதி செத்துப்போன அந்த அணுக்கள்தான்.

இதற்கிடையே வேறு சில அணுக்கள் கிருமியின் துணுக்கைச் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய் வழியே அக்குளுக்குப் போகின்றன. அங்கே லட்சக்கணக்கில் டி அணுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று விதித்த ஒரு வடிவத்தைத்தான் தெரியும். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் ஒன்று பொருந்தியதும் அது மளமளவென்று பெருகும். அதன் துணையோடு பி அணுக்களும் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கும். நெறி வீங்குவது இதனால்தான். எதிர்ப்பொருள் ஒட்டிய பாக்டீரியாவை வெள்ளணு எளிதில் விழுங்கிவிடும். எதிர்ப்பொருள் ஒட்டிய நஞ்சு செயலற்றுப்போகும்.

முதல் தடவை இதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பிறகு நினைவு அணுக்கள் தங்கிவிடுவதால், அதே கிருமி மறுபடி வந்தால் சில நாளிலேயே எதிர்ப்பொருள் நிறைந்துவிடும்.

காய்ப்பேறிய கைக்கும் ஊசி வேண்டும்

பலமுறை அடிபட்ட கைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருப்பது ஆபத்து. ரணஜன்னிக் கிருமி துருப்பிடித்த ஆணியில் மட்டுமல்ல, மண்ணிலும் சேற்றிலும் இருக்கிறது. அதன் நஞ்சு மிகக் கொடியது. ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட எதிர்ப்பொருளை எழுப்பப் போதாது. அதனால் ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

நஞ்சை முறியடிக்கும் பொருள் ரத்தத்தில் உருவாகிறது என்று பெரிங், கிட்டசாட்டோ என்ற விஞ்ஞானிகள் 1890இல் பெர்லினில் காட்டினார்கள். இன்று குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பிறகு 10, 16 வயதிலும் கர்ப்பகாலத்திலும் ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி இலவசம். தாயின் எதிர்ப்பொருள் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். எனக்குக் கவலை, கடைசிப் பிரசவத்தோடு ஊசியை மறந்துவிட்ட பெண்களைப் பற்றித்தான். சேறு பட்ட காயம், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் என்றால் மறுபடி போட வேண்டும். தேதியைக் குறித்து வைத்திருந்தால் தேவையில்லாத ஊசியும் மிச்சம்.

ஒரு வாரம் பொறுக்காத கிருமி

வெதுவெதுப்பான உப்பங்கழித் தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழும். சர்க்கரை நோயோ ஈரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கலந்துவிடலாம். எதிர்ப்பொருள் தயாராகும்வரை அது காத்திருக்காது. காயத்தைச் சுண்ணாம்பு, காப்பித்தூள் வைத்து மூடாமல் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். தாங்க முடியாத வலி, கருநீலமாகும் தோல், கொப்புளம், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏரித் தண்ணீரில் பட்ட காயம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணக் காயத்துக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்குப் போதாமல் போகலாம்.