பூனை உருண்டு இறங்கிய விதம்

கையில் இருப்பதைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இரண்டு கையும் வேண்டும்.

ஒரு பூனை. ஒரு பெரிய பவுலிங் பந்தை விழுங்கிவிட்டது. வயிறு பானையாகிவிட, சரிவான தெருவில் நிற்க முடியாமல் உருண்டு இறங்குகிறது. இதை வாய் திறக்காமல், கையை மட்டும் வைத்து எதிரே இருப்பவருக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வீட்டில் நாலு பேரிடம் இதைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். விரலை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே கையை மேலிருந்து கீழாகச் சரித்தார்கள். சுழற்சியும் இறக்கமும் ஒரே அசைவில் வந்துவிட்டன. நடந்ததும் அப்படித்தானே! பூனை முதலில் உருண்டுவிட்டுப் பிறகு இறங்கவில்லை. கை, நடந்ததை அப்படியே படம் பிடித்துக் காட்டிவிட்டது.

இப்போது அதையே தமிழில் சொல்லுங்கள். ‘உருண்டு இறங்கியது.’ முதல் சொல்லில் இறக்கம் இல்லை, இரண்டாவதில் உருளல் இல்லை. நடந்த ஒன்றை வாய் இரண்டாக நறுக்கி, நடுவில் வினையெச்ச விகுதி என்ற ஒட்டைப் போட்டு நீட்டுகிறது. ஒரு முழுப் படத்தை இப்படித் துண்டாக்குவது நஷ்டம் போலத் தெரியும். ஆனால் துண்டு கையில் வந்துவிட்டால் அதை வேறு எதனோடும் சேர்க்கலாம். உருண்டு வந்தது, உருண்டு ஏறியது (அதிசயம்தான், ஆனாலும் சொல்ல முடிகிறது), தவழ்ந்து இறங்கியது, பறந்து இறங்கியது. பத்து வினையெச்சமும் பத்து வினைமுற்றும் தெரிந்தவருக்கு நூறு நிகழ்ச்சிகளைச் சொல்ல வழியிருக்கிறது. படம் காட்டும் கைக்கு நூறு படம் தேவை.

மனிதன் எப்போது, எப்படி இந்த நறுக்கும் வேலையைக் கற்றான்? பேச்சு காற்றில் கரைந்துவிடுவது. பானை ஓடு போல மண்ணுக்குள் கிடைக்காது. இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983-இல் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூட்டில் நாக்கின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு எலும்பும் சேதமில்லாமல் இருந்தது. அது நம்முடையதைப் போலவே இருக்கிறது என்றார்கள். எலும்பு இருந்ததால் பேசினார்கள் என்று சொல்லிவிட முடியுமா? வீணை இருந்ததால் வாசித்தார்கள் என்று சொல்வது போலத்தான். ஆதாரமில்லாத ஊகங்கள் பெருகிப்போனதில் சலித்த பாரிஸ் மொழியியல் கழகம், மொழியின் தோற்றம் பற்றி யாரும் கட்டுரை கொண்டுவரக் கூடாது என்று 1866-இல் தன் விதிகளிலேயே எழுதி வைத்துவிட்டது.

அரசர்களுக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. எகிப்து மன்னன் சாமெட்டிகஸ் இரண்டு கைக்குழந்தைகளை ஓர் இடையனிடம் கொடுத்து, யாரும் அவர்கள் காதுபட ஒரு சொல்லும் பேசாமல் வளர்க்கச் சொன்னான் என்று எழுதியிருக்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். பிள்ளைகள் ஒருநாள் ‘பேகோஸ்’ என்றனவாம். ஃபிரிஜிய மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருள் என்பதால், அதுவே உலகின் மூத்த மொழி என்று முடிவுகட்டினான் மன்னன். ஆடுகளோடு வளர்ந்த பிள்ளைகள் ‘பே’ என்றதற்கு ஃபிரிஜியா வரை போயிருக்க வேண்டியதில்லை. நம் அக்பரும் ஒரு வீட்டைக் கட்டி, வாய் திறக்காத செவிலியரிடம் குழந்தைகளை ஒப்படைத்தார். 1582-இல் அவர் நேரில் போய்ப் பார்த்தபோது, அந்த வீட்டிலிருந்து ஊமைச் சத்தத்தைத் தவிர எதுவும் எழவில்லை என்கிறது அக்பர்நாமா.

கொடுமையான இந்தச் சோதனையை இன்று யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், யாரும் திட்டமிடாமலே, ஒரு சின்ன நாட்டில் அது நடந்தது. அங்கே கொடுமை முன்பே இருந்தது. அதை நீக்கப் போன இடத்தில்தான் மொழி பிறந்தது.

நிகராகுவாவில் 1970-களின் நடுப்பகுதி வரை, காது கேளாத குழந்தை என்றால் வீட்டோடு கிடக்கும் குழந்தை. காது கேளாதோர் கூடும் இடமோ அவர்களுக்கென்று ஒரு பொதுவான சைகை மொழியோ அங்கே கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவும் பிள்ளையும் தங்களுக்குள் சில சைகைகளை வைத்துக்கொண்டார்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு, கன்னத்தில் வைத்தால் தூக்கம். அடுத்த தெருவில் இன்னொரு காது கேளாத பிள்ளை இருந்தால் அவனுடையது வேறு. இந்த வீட்டுச் சைகையை அங்கே மிமிக்கா என்பார்கள்.

1977-இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்வி மையம் ஒன்று திறந்தது. தொடக்கத்தில் காது கேளாத பிள்ளைகள் ஐம்பது பேர் அளவில் இருந்தார்கள். 1979-இல் சாண்டினிஸ்டா புரட்சி வந்து சொமோசா ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசு எழுத்தறிவு இயக்கத்தில் இறங்கியிருந்த நேரம். சிறப்புக் கல்விக்கும் கதவு அகலமாகத் திறந்தது. 1980-இல் வில்லா லிபர்டாட் பகுதியில் பதின்வயதினருக்கு ஒரு தொழிற்பள்ளி வந்தது. 1983 வாக்கில் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 400-க்கும் மேற்பட்டவர்கள். அந்த நாட்டில் அதுவரை இத்தனை காது கேளாதோர் ஒரே இடத்தில் கூடியதில்லை.

ஆசிரியர்கள் சைகை மொழி கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்கே தெரியாது. உதட்டைப் பார்த்து ஸ்பானிய மொழியைப் புரிந்துகொள், வாயால் சொல் என்பதுதான் பாடம். எழுத்துக்கு ஒரு விரல் வடிவம் என்று காட்டிப் பார்த்தார்கள். சொல்லே தெரியாத பிள்ளைக்கு அதன் எழுத்துகளை வரிசையாகக் காட்டி என்ன பயன்? வகுப்பறை தோற்றது.

ஆனால் பள்ளி என்பது வகுப்பறை மட்டும் இல்லையே. விளையாட்டுத் திடல் இருந்தது. காலையும் மாலையும் ஏற்றி இறக்கும் பேருந்து இருந்தது. பேருந்தின் கடைசி இருக்கைகளில் ஆசிரியர் கண் படாது. ஆளுக்கொரு மிமிக்காவோடு வந்தவர்கள் அங்கே தங்கள் சைகைகளைக் கொட்டிக் கலந்தார்கள். புரிந்தது நிலைத்தது, புரியாதது உதிர்ந்தது. சில ஆண்டுகளில் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கே விளங்காத நிலை வந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சு வரவில்லை என்பதாகத் தொடங்கிய கதையில், பேச்சு புரியாமல் நின்றவர்கள் பெரியவர்கள்.

கல்வி அமைச்சகம் உதவி கேட்டு அழைக்க, 1986-இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளர் வந்தார். முதலில் தொழிற்பள்ளியின் பதின்வயதினரைப் பார்த்தார். அவர்கள் சைகைகளில் ஒரு பொதுத்தன்மை இருந்தது, ஆனால் இலக்கணக் கட்டு தளர்வாக, ஆளுக்கு ஆள் மாறியது. பிறகு சிறு பிள்ளைகளின் பள்ளிக்குப் போனார். அங்கே கைகள் பறந்தன. வேகம் கூடியிருந்தது, அசைவு சிறுத்திருந்தது, சைகைக்குச் சைகை ஒரு விதி ஓடியது. அண்ணன் அக்காக்களின் அரைகுறைச் சைகையைப் பார்த்து வளர்ந்த தம்பி தங்கைகள், பார்த்ததைவிட ஒழுங்கான ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கெகலைத் தொடர்ந்து 1990-இல் வந்த ஆன் செங்காஸ் அதன்பின் மனாகுவாவை விடவே இல்லை எனலாம். ஆண்டுதோறும் வந்து போய் இந்த மொழி வளர்வதைப் பதிவு செய்தார்.

நம் பூனை இங்கேதான் வருகிறது. சில்வெஸ்டர் பூனையும் ட்வீட்டி குருவியும் வரும் கார்ட்டூனைப் போட்டுக் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார் செங்காஸ். சோட்டாரோ கிட்டா, அஸ்லி ஓஸ்யுரெக் என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் செய்த அந்த ஆய்வு 2004-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பள்ளிக்கு வந்த காலத்தை வைத்து மூன்று தலைமுறையாகப் பிரித்து, தலைமுறைக்குப் பத்துப் பேர். ஒப்பிட்டுப் பார்க்க, காது கேட்கும் ஸ்பானியப் பேச்சாளர்கள் பத்துப் பேர்.

ஸ்பானியப் பேச்சாளர்கள் பேசும்போது கை என்ன செய்தது? என் வீட்டு நாலு பேர் செய்ததைத்தான். சுழற்சியும் சரிவும் ஒன்றாக. முதல் தலைமுறைக் காது கேளாதோரும் பெரும்பாலும் அப்படியே. இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் கதை மாறியது. அவர்கள் முதலில் ‘உருள்’ என்று ஒரு சைகை செய்து, அடுத்து ‘இறங்கு’ என்று இன்னொன்று செய்தார்கள். முன்னால் அப்படி வெட்டிக் காட்டியவர்கள் சொற்பம். கண்ணால் பார்த்த படத்திலும் வெட்டு இல்லை. நறுக்கியது பிள்ளைகள்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இலக்கணம் என்றால் யாரோ ஒரு பெரியவர் வகுத்துக் கொடுத்தது என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போனது. இங்கே அதை வகுத்தவர்கள் பால்பல் விழாத வயதில் பேருந்து ஏறியவர்கள். நறுக்கியதால் வரும் சிக்கலையும் அவர்களே கவனித்திருக்கிறார்கள். ‘உருள், இறங்கு’ என்றால் உருண்டு முடித்தபின் இறங்கியது என்று யாராவது நினைத்துவிடலாம். அதனால் சிலர் ‘உருள், இறங்கு, உருள்’ என்று இறக்கத்தை இரண்டு உருளலுக்கு நடுவே வைத்தார்கள். ‘உருண்டுகொண்டே’ என்று சொல்ல நமக்கு ஒரு ‘கொண்டே’ இருக்கிறது. அவர்களிடம் அது இல்லை, செய்துகொண்டார்கள்.

இன்னொன்று, இடம். ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான், அவனுக்குப் பணம் கொடுத்தான் என்று வையுங்கள். ‘பார்’ என்ற சைகையையும் ‘கொடு’ என்ற சைகையையும் இடப்பக்கமாகவே செய்தால், பார்க்கப்பட்டவனும் பணம் வாங்கியவனும் ஒரே ஆள் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் தலைமுறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாம் ‘அவனை’, ‘அவனுக்கு’ என்று வேற்றுமை உருபு போட்டுச் செய்வதில் ஒரு பங்கை, காற்றில் ஒரு புள்ளியைக் குறித்து முடித்துவிட்டார்கள்.

ஜென்னி பையர்ஸும் செங்காஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு என்னை இதைவிட அசைத்தது. அண்ணன் பொம்மை ரயிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். தம்பி அதை எடுத்து வேறு இடத்தில் ஒளிக்கிறான். அண்ணன் திரும்பி வந்ததும் எங்கே தேடுவான்? நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பொதுவாகச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். முதல் தலைமுறையில் பலர், இருபதைத் தாண்டிய ஆட்கள், இந்தப் படக்கதையில் தவறினார்கள். ‘நினைத்தான்’, ‘தெரியாது’ என்று மனசுக்குள் நடப்பதைச் சொல்லும் சைகைகள் அவர்கள் பேச்சில் குறைவாகவே இருந்தன. இளையவர்களிடம் அவை தாராளமாகப் புழங்கின. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது மூத்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் காது கேளாதோர் சங்கத்தில் இளையவர்களோடு பழகி, அந்தச் சைகைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதனுக்கு இன்னொருவன் மனதை ஊகிக்கத் தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ‘என்று நினைத்தான்’ என்று சொல்ல ஒரு வழி இருக்கும்போது, அந்த ஊகம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

எல்லோரும் இந்தக் கதையை ஒரே மாதிரி சொல்வதில்லை. குழந்தை மூளையில் இலக்கணம் கருவாகவே இருக்கிறது, கூட்டம் கிடைத்ததும் முளைத்தது என்பது கெகல் பக்கத்து வாதம். நிகராகுவா காது கேளாதோர் வரலாற்றை 2005-இல் நூலாக எழுதிய லாரா போலிச், சமூகம் என்ற ஒன்று உருவானதுதான் முக்கியம், அதில் பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பங்குண்டு என்கிறார். எனக்கு இரண்டும் தேவை என்று படுகிறது. மூத்தவர்கள் கூட்டம் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. பிள்ளைகள் வராமல் அந்தக் கூட்டம் படம் காட்டுவதோடு நின்றிருக்கும். பதின்வயதைக் கடந்து வந்தவர்களின் சைகை சிறு வயதில் வந்தவர்களின் சரளத்தை எட்டவில்லை என்பதும் கண்ணெதிரே இருக்கிறது. சாமெட்டிகஸின் இரண்டு குழந்தைகளுக்கு இந்தக் கூட்டமும் இல்லை, அவர்களுக்குப் பின் வந்து கற்றுக்கொள்ள யாரும் இல்லை.

மனாகுவாவில் நடந்ததை வைத்து ஆதிமனிதனிடமும் இப்படியே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது இன்றைய மனித மூளை. சுற்றிலும் பேசுகிற உலகம். மொழி என்ற ஒன்று உண்டு என்பதை அவர்கள் மற்றவர்களின் உதட்டில் தினமும் பார்த்தார்கள்.

மனாகுவாவைப் போலவே மொழி புதிதாய்ப் பிறந்த இன்னோர் இடமும் உண்டு. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அல்-சயீத் என்ற பெதூயின் ஊர் இருக்கிறது. பரம்பரைக் காதுகேளாமை பரவியதால், 2005 வாக்கில் அங்கே சுமார் 3,500 பேரில் 150 பேர் அளவுக்குக் காது கேளாதவர்கள் இருந்தார்கள். காது கேட்பவர்களும் அவர்களோடு சைகையில் பேசுகிறார்கள். பள்ளி இல்லாமல், ஊருக்குள்ளேயே வளர்ந்த மொழி. மொழியியலாளர் வெண்டி சாண்ட்லரும் குழுவினரும் 2005-இல் அதைப் பற்றி எழுதியபோது ஒரு விஷயம் தெரிந்தது. சுற்றிலும் பேசப்படும் அரபியும் ஹீப்ருவும் வாக்கியத்தில் வினையைக் கடைசியில் வைப்பவை அல்ல. இந்தச் சைகை மொழியோ எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் பயனிலை என்று, நாம் தமிழில் பேசுகிற அதே வரிசையைத் தானாக எடுத்துக்கொண்டிருந்தது.

வாக்கியம் இத்தனை ஒழுங்காக இருந்தும், சொல்லுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உறுப்புகள் அங்கே இன்னும் இறுகவில்லை. ஒரே பொருளுக்கு வீட்டுக்கு வீடு சைகை கொஞ்சம் மாறும். முட்டைக்கு அவர்கள் இரண்டு சைகையைச் சேர்த்துச் செய்வார்கள். முதலில் அலகைக் காட்டும் கோழி, அடுத்து விரல்களை விரித்து நீள்வட்டமான ஒன்றைப் பிடிப்பது. இரண்டுக்கும் விரல் அமைப்பு வேறு. சில காலம் கழித்து, ஒரு குடும்பத்தில் மட்டும் இரண்டும் ஒரே விரல் அமைப்பில் வழுக்கிச் சேர்ந்துவிட்டதை சாண்ட்லர் குழு கவனித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிச் செய்வது விரலுக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். பனையும் காயும் சேர்ந்து நம் நாக்கில் பனங்காய் ஆவதும் இதே வேலைதான்.