இரும்புக் கவசமும் ஆறு பக்கப் பகடையும்

உலகில் நிகழும் போர்கள் இருவகைப்படும். ஒன்று, மண்ணைக் குருதியால் நனைத்து மனைகளை வெறுமையாக்கும் போர். மற்றொன்று, மேசை மேலிருக்கும் தேநீர்க் கோப்பைகளை அப்பால் நகர்த்திவிட்டு, நண்பர் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் போர். இரண்டாவது போரில் மாண்ட வீரனை எடுத்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மீண்டும் களத்தில் எழுந்து நிற்பான்.

இம்மேசைப் போர்களுள் இன்று மிகுந்த செல்வாக்குப் பெற்றிருப்பது விஞ்ஞானக் கற்பனைப் போர் விளையாட்டாகும். எதிர்கால உலகங்களையும் விண்கப்பல்களையும் களமாகக் கொண்ட இவ்விளையாட்டின் நாயகன், தலைமுதற் கால்வரை கவசம் பூண்ட மாவீரன். அவன் உயரம் மனித உயரமன்று. அவன் வலிமை மனித வலிமையன்று. இத்தகைய வீரர் உண்மையில் தோன்றினால் எவ்வாறு போர் புரிவர்? வினா வேடிக்கையானதாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குரிய விடை, வலிமை என்றால் என்ன என்பது பற்றி நாம் கொண்டுள்ள எண்ணத்தையே சற்று அசைத்துவிடக் கூடியது.

மேசைக்கு வந்த போர்

போரை விளையாட்டாக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களுக்குள் அடக்கிய சதுரங்கம் பாரத நாட்டிலே பிறந்ததன்றோ! ஆனால், சதுரங்கத்தில் தற்செயலுக்கு இடமில்லை. உண்மைப் போரிலோ மழை பெய்யும், செய்தி பிந்தும், நல்ல திட்டமும் சில வேளை தோற்கும்.

இக்குறையை நிறைவு செய்தவர்கள் புரூசிய நாட்டவர்கள். 1812 ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் தாம் அமைத்த போர் விளையாட்டொன்றைப் புரூசிய மன்னருக்குக் காட்டினார். இராணுவ அதிகாரியான அவருடைய மகன் அதனைத் திருத்தி 1824 இல் விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின் மேல் சிறு கட்டைகள் படைகளாக நகர்ந்தன. நடுவர் ஒருவர் இரு தரப்பாரின் கட்டளைகளையும் கேட்டுத் தீர்ப்பளித்தார். சேதத்தைத் தீர்மானிக்கப் பகடை உருட்டப்பட்டது. அதிகாரிகளைப் பயிற்றுவதற்கு அப்படையினர் இவ்விளையாட்டைக் கையாண்டனர்.

இதனை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் புகழ் பெற்றவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். செவ்வாய்க் கிரக வாசிகள் பூமிமேற் படையெடுக்கும் கதையை எழுதிய அதே வெல்ஸ்தான். 1913 இல் அவர் வெளியிட்ட 'சிறு போர்கள்' என்னும் நூல், பொம்மைப் போர்வீரரைத் தரையில் நிறுத்தி, மரத்துண்டுகளை எறியும் சிறு பீரங்கிகளால் அவர்களை வீழ்த்தும் விளையாட்டுக்கு விதி வகுத்தது. மறு ஆண்டே மெய்யான பீரங்கிகள் ஐரோப்பாவில் முழங்கத் தொடங்கின.

கவச வீரனின் பிறப்பு

1959 இல் அமெரிக்க எழுத்தாளர் ரொபர்ட் ஹைன்லைன், 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் வரும் காலாட்படையினர் யந்திரக் கவசம் அணிந்தவர்கள். வீரன் கையை அசைத்தால் கவசத்தின் கை பன்மடங்கு வலிமையோடு அசையும்; அவன் பாய்ந்தால் கட்டடத்தையே தாண்டுவான். விண்கப்பலிலிருந்து சிமிழ்களில் அடைக்கப்பட்டு அவர்கள் பகைவர் நிலத்தில் வந்து வீழ்வர். 1976 இல் அமெரிக்காவின் அவலோன் ஹில் கம்பனி இக்கதையை மேசைப் போர் விளையாட்டாக்கியது.

இன்று உலகெங்கும் பரவியுள்ள 'வோர்ஹாமர் 40,000' விளையாட்டு 1987 இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அதனை அமைத்தவர் ரிக் பிரீஸ்ட்லி. வெளியிட்டது கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம். இதன் நாயகர் 'ஸ்பேஸ் மெரீன்' எனப்படும் விண்வெளி வீரர். இளமையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு, உடலில் புதிய உறுப்புகள் பொருத்தப்பட்டு, இரண்டு இதயங்களோடு வளர்க்கப்படுபவர் என்பது கதை. அவர்களுடைய அணி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் பேரே உளர். விளையாடுவோர் பெருவிரல் உயரமேயுள்ள அவ்வீரர்களின் உருவங்களைத் தாமே ஒட்டி, மெல்லிய தூரிகையால் வர்ணந் தீட்டிக் களத்தில் நிறுத்துகின்றனர்.

பகடை கூறும் கணக்கு

கதையில் மாவீரன் வெல்ல முடியாதவன். மேசையிலோ அவன் விதிக்குக் கட்டுப்பட்டவன். சாதாரணக் காலாள் ஒருவன் தன் ஒளிக்கதிர்த் துப்பாக்கியால் ஸ்பேஸ் மெரீன் ஒருவனைச் சுடுவதாகக் கொள்வோம். முதலிற் குறி தப்பாதிருக்கப் பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழவேண்டும். அதற்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று. அடுத்து, அடி உடலைத் தாக்க ஐந்தோ ஆறோ விழவேண்டும். அது மூன்றில் ஒன்று. இறுதியாகக் கவசம் தன் கடமையைச் செய்யத் தவறவேண்டும். கவசத்துக்குரியவர் உருட்டும் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தாலன்றி அது தவறாது. அதுவும் மூன்றில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பதினெட்டில் ஒன்று என்று வரும். பதினெட்டு முறை சுட்டால் சராசரியாக ஒரு காயம்!

இதைக் கேட்டதும் கவச வீரன் பக்கம் சாயத் தோன்றும். ஆனால், மறுபக்கத்தில் நாற்பது காலாட்கள் நின்று ஒருங்கே சுட்டால், ஒவ்வொரு முறையும் சராசரியாக இரண்டு காயங்கள் உறுதி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இதனால்தான் இவ்விளையாட்டில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளிவிலை குறிக்கப்பட்டுள்ளது. இரு தரப்பினரும் ஒரே தொகைக்குள், பெரும்பாலும் 2,000 புள்ளிகளுக்குள், தம் படையைத் திரட்டுகின்றனர். மாவீரனை விரும்புபவர் சிலரைப் பெறுவார். எளியவரை விரும்புபவர் பலரைப் பெறுவார்.

சிலர் பலரை வெல்ல எவ்வளவு வலிமை வேண்டும்? இதற்குக் கணக்கு வகுத்தவர் பிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1916 இல் வெளியான தமது நூலில் அவர் காட்டிய விதி வியப்புக்குரியது. பத்து மாவீரர் வெளியான களத்தில் நாற்பது காலாட்களை எதிர்ப்பதாகக் கொள்வோம். நாற்பது பேர் சுடுவதால், பத்துப் பேரை நோக்கி நான்கு மடங்கு அடி வருகின்றது. அதே வேளையில், பத்துப் பேர் கொடுக்கும் அடி நாற்பது பேரிடையே பகிரப்படுகின்றது. ஆகவே, பத்துப் பேரும் ஈடுகொடுக்க வேண்டுமாயின், ஒவ்வொருவரும் நான்கு மடங்கு வல்லவராயிருத்தல் போதாது. நான்கு நான்கு பதினாறு மடங்கு வல்லவராயிருத்தல் வேண்டும்.

இனி, அந்த நாற்பது பேரும் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து நிற்க, மாவீரர் பதின்மரும் ஒன்றுகூடி ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே சந்திப்பதாகக் கொள்வோம். அதே விதியின்படி இப்போது நான்கு மடங்கு வலிமையே போதும். பதினாறு எங்கே, நான்கு எங்கே! அந்த வேறுபாட்டை அளித்தது கவசமன்று. களத்தைத் தெரிந்த அறிவே.

ஆகவே, நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கிட்டிவிட்டது. கவசம் பூண்ட மாவீரர், திரைப்படங்களிற் காண்பதுபோல, திறந்த வெளியில் மார்பு நிமிர்த்தி நிற்கமாட்டார். அவர் வானிலிருந்து திடீரென இறங்குவார். பகைப் படையின் ஒரு சிறு பகுதிமேல் தம் முழுப் பலத்தையும் குவிப்பார். ஏனையோர் வந்து சேருமுன் அகன்றுவிடுவார். கவசம் அவருக்கு வெற்றியைத் தருவதன்று; அடுத்த இடத்துக்குச் செல்வதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தருவதே. ஆயிரம் பேரே உள்ள அணியில் ஒருவர் மாண்டால் அவ்விடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் செல்லும். அருமையான படையை ஆளும் தளபதி அதனைச் செலவிட அஞ்சியே ஆகவேண்டும்.

கவசத்தின் பகைவர்

கற்பனையை விட்டு மெய்யுலகுக்கு வருவோம். ஐரோப்பிய வீரர் அணிந்த முழு உருக்குக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ கிராம் எடையுள்ளது. அதை அணிந்து ஓடவும் குதிரையேறவும் பயின்றவரால் முடிந்தது. ஆனால், அதற்கும் விலையுண்டு. கவசமணிந்து நடப்பவர் இரு மடங்குக்கும் அதிகமான சக்தியைச் செலவிடுகின்றார் என்று 2011 இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 1415 இல் அஜின்கோர்ட் களத்தில், உழுது மழையில் நனைந்த வயலூடாக நடந்து சென்ற பிரெஞ்சுக் கவச வீரர் இளைத்துத் தடுமாறினர். இலேசான உடையணிந்த ஆங்கில வில்லாளிகள் அவர்களை வீழ்த்தினர். வில்லுக்குத் துணை நின்றது சேறு.

யந்திரக் கவசத்தின் வரலாறும் இத்தகையதே. 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி 'ஹார்டிமான்' என்னும் யந்திர உடலை அமைக்க முயன்றது. அதன் எடை ஏறத்தாழ 680 கிலோ கிராம். அதன் முழு உடலையும் மனிதன் உள்ளே நின்று இயக்கும் நிலை ஒருபோதும் வரவில்லை. 2013 இல் அமெரிக்க விசேட படைத்துறை அறிவித்த யந்திரக் கவசத் திட்டமும், நினைத்த உடையை முழுமையாகத் தராமலே 2019 இல் முடிவுற்றது. எடையைக் கூட்டினால் மின்சக்தி வேண்டும். மின்சக்திக்குக் கலம் வேண்டும். கலமோ மீண்டும் எடையைக் கூட்டும்.

கர்ணனின் கதையை இங்கு எண்ணிப் பார்க்கின்றோம். பிறவியிலேயே உடலோடொட்டிய அவனது கவசத்தை எவரும் அம்பெய்து பிளக்கவில்லை. அதைத் தானமாகக் கேட்டு வாங்கிச் சென்றனர். வெல்ல முடியாத கவசத்தைக் கண்ட பகைவன் அதனை அடிப்பதில்லை. அதற்கு வேண்டிய எரிபொருளையும் உணவையும் வழியையுமே தாக்குவான்.

பிள்ளைகள் ஆடலாமா?

போரை விளையாட்டாகக் கண்டால் இளம் உள்ளம் கடினமாகிவிடாதா என்று பெற்றோர் சிலர் வினவுவர். நியாயமான அச்சமே. இதற்கு நாம் கூறுவது ஒன்று. வீரக் கதையில் எழுத்தாளன் நாயகன் பக்கம் நிற்கின்றான். எதிரிகள் பெயரின்றி வீழ்கின்றனர். மேசையிலோ எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவரும் தம் வீரருக்கு வர்ணந் தீட்டியவர். அவரும் வெல்ல விரும்புபவர். அவர் எண்ணத்தை எண்ணிப் பார்க்காதவன் வெல்ல முடியாது. பகைவனும் சிந்திக்கின்றான் என்னும் இப்பாடம் சிறிய பாடமன்று.

ஆயினும், மேசை காட்டாதவையும் உண்டு. அங்கே பசியில்லை, முடமாகி வீடு திரும்புவோரில்லை, மகனைத் தேடும் தாயில்லை. வியட்னாம் போரிற் காயமுற்ற ஜோ ஹோல்ட்மன், 1974 இல் நூலாக வெளிவந்த தமது 'முடிவில்லாப் போர்' நாவலில் இந்தக் குறையையே நிரப்பினார். அவருடைய வீரரும் யந்திரக் கவசம் அணிந்தவர்களே. ஆனால், விண்வெளியில் அவர்களுக்குச் சில ஆண்டுகள் கழியும்போது பூமியிற் பல நூற்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. திரும்பி வரும் வீரனுக்கு அறிந்த முகமில்லை. கவசம் அவன் உயிரைக் காத்தது. அவன் வாழ்வைக் காக்கவில்லை.

வெல்ஸ் தமது சிறு போர்களைப் பரிந்துரைத்ததும் இக்கருத்துடனேயே. பொம்மைகளை வைத்து மூன்று நான்கு முறை ஆடியவன், பெரும் போர் எத்துணைப் பெரிய மூடத்தனம் என்பதை உணர்ந்துவிடுவான் என்று அவர் நம்பினார். எனவே, உங்கள் வீட்டுப் பிள்ளை கவச வீரரைக் களத்தில் அணிவகுத்து நிறுத்தினால் தடுக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆசனத்தை இழுத்துப் போட்டு அமருங்கள். நாற்பது எளிய காலாட்களை உங்கள் படையாகத் தெரிந்து கொள்ளுங்கள். முதல் மாவீரன் பகடையில் ஒன்று விழுந்து சாயும்போது, அவனை ஆயத்தப்படுத்த எத்தனை ஆண்டுகள் சென்றிருக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவ்வாறே உங்கள் காலாள் ஒருவன் சாயும்போதும், அவனை வளர்க்க எத்தனை ஆண்டுகள் சென்றிருக்கும் என்று கேளுங்கள்.