தருமபுரி பின்கோடு 636701-க்குள்ள ஒளிஞ்சிருக்கிற நாலு நம்பர்!

ஆன்லைன்ல எது ஆர்டர் போட்டாலும் தருமபுரிக்காரங்க கை தானா டைப் பண்ற நம்பர், 636701. இதுல முன்னாடி இருக்கிற 636, சேலம் வட்டாரத்துக்கானது. 1965-லயே சேலத்துல இருந்து பிரிஞ்சு தருமபுரி தனி மாவட்டம் ஆயிடுச்சு. ஆனா, 1972-ல வந்த பின்கோடு இன்னமும் சேலத்தை விடலை!

சரி, இந்த நம்பர் எந்தெந்த எண்ணால மீதியில்லாம வகுபடும்? கால்குலேட்டரை எடுக்காதீங்க. நம்பரை நடுவுல வெட்டுங்க: 636, 701. பெரியதுல இருந்து சின்னதைக் கழிச்சா 65. அது 13-ஆல வகுபடும். அப்போ 636701-ம் 13-ஆல வகுபடும். மந்திரம் இல்லீங்க. 1001-ங்கிறது 7 x 11 x 13. 636-ஐ 1001-ஆல பெருக்கினா 636636. அதோட 65 சேர்த்தா நம்ம பின்கோடு. அந்த 65, 7-ஆலயும் 11-ஆலயும் வகுபடாது. அதனால அந்த ரெண்டும் அவுட்!

மிச்சத்தையும் பிரிச்சா, 636701 = 13 x 17 x 43 x 67. நாலுமே பகா எண்கள், அதாவது ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுறவை. பக்கத்துல அரூர் பின்கோடு 636903-ஐப் பாருங்க. 3-ஐ அஞ்சு தடவை பெருக்கி, அதை 2621-ஆல பெருக்கினா அரூர் வந்துடும். ஒரே மாவட்டம்தான், குணம் வேற.

நாலு எண்ணையும் பெருக்கறது ஒரு நிமிஷ வேலை. பிரிக்கறதுதான் கஷ்டம். ஆறு இலக்கம்னா பரவாயில்ல, 797 வரைக்கும் இருக்கிற 139 பகா எண்களைச் சோதிச்சாலே போதும். இலக்கம் கூடக்கூட இந்த வேலை மலை மாதிரி ஏறும்.

உங்க போன் பிரவுசர் வெப்சைட்களோட பாதுகாப்பைச் சரிபார்க்க நம்பியிருக்கிற பூட்டுகள்ல ஒண்ணான ஆர்.எஸ்.ஏ, இந்தக் கஷ்டத்தை வெச்சுத்தான் 1977-ல உருவாச்சு. ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே சொல்லிடுவாங்க. அந்த ரெண்டும் என்னங்கிறதுதான் சாவி. 2020-ல 250 இலக்க எண் ஒண்ணை உடைச்சாங்க; ஒரே ஒரு பிராசஸர் கோர்ல ஓட்டியிருந்தா சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும். இப்போ பரவலா பயன்படுறது 617 இலக்கம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு எண் பகா எண்ணா இல்லையானு வேகமா, உறுதியா சொல்ற வழியை 2002-ல கான்பூர் ஐ.ஐ.டி-யில மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடிச்சாங்க. 'இது பகா எண் இல்லை'னு அது சொல்லிடும். எதால வகுபடும்னு சொல்லாது! அதனால பூட்டு தப்பிச்சுது.

ஆனா, பெரிய குவான்டம் கம்ப்யூட்டர் வந்தா தப்பிக்காது. 1994-லயே பீட்டர் ஷோர் அதுக்கான வழியைச் சொல்லிட்டார். அதனாலதான் பகா எண்களைப் பிரிக்கிற கஷ்டத்தை நம்பாத புதுப் பூட்டுகளுக்கான விதிமுறைகளை அமெரிக்காவோட என்.ஐ.எஸ்.டி 2024 ஆகஸ்ட்ல வெளியிட்டுச்சு.